எதிரடியின் வரலாறு: பந்தைப் பெறுபவரின் பக்கம் நின்ற விதிகள்



அண்மைய ஆண்டுகளில் நம் நாட்டில் பல பூப்பந்து அரங்குகள் பிக்கல்பால் களங்களாக மாறி வருவதைத் தாங்கள் கண்டிருக்கலாம். மாணவர் சிலர் பெற்றோருடன் வார இறுதியில் இவ்வாட்டத்தை ஆடிவிட்டு வந்து, பள்ளியிலும் ஆடலாமா என்று என்னிடம் வினவுகின்றனர். அவர்கள் கேட்கும் அடுத்த வினா பெரும்பாலும் ஒன்றே: "சார், சர்வீஸ் எப்படிப் பலமாகப் போடுவது?" சர்வீஸைத் திருப்பி அடிப்பது எப்படி என்று கேட்கும் மாணவர் அரியர்.

ஆயினும் மட்டையாட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை விளங்கும். தொடக்க அடிக்கு மறுமொழியாக அமையும் இரண்டாம் அடியில்தான் ஆட்டம் உயிர் பெறுகின்றது. அதனை இக்கட்டுரையில் எதிரடி என்று குறிப்பிடுகின்றேன். எதிரடிக்கு வழியின்றிப் போன காலங்களிலெல்லாம் ஆட்டத்தைக் காப்பதற்கு விதிகள் முன்வந்தன. விதி வராத இடங்களில் ஆட்டக்காரரின் திறமை முன்வந்தது.

தொடங்கி வைத்த அடி ஆயுதமான கதை

டென்னிசின் மூதாதை, பிரான்சு நாட்டில் உள்ளங்கையால் ஆடப்பட்ட பழைய பந்தாட்டமாகும். அதன் வழிவந்த உள்ளரங்க ஆட்டத்தில், தொடக்க அடியாக அடிக்கப்படும் பந்து முதலில் பக்கச்சுவரை ஒட்டிய சரிவான கூரையின்மீது பட்டு உருண்டு, எதிராளியின் பக்கம் விழ வேண்டும். இன்றும் அவ்வாட்டத்தில் அவ்விதி உண்டு.

1874ஆம் ஆண்டு வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி புல்தரை டென்னிசுக்குக் காப்புரிமை பெற்றார். 1877இல் முதல் விம்பிள்டன் போட்டி நடைபெற்றது. அக்காலத்தில் பந்தைத் தோளுக்குக் கீழிருந்து அடித்துத் தொடங்கியோர் பலர். தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிக்கும் முறை பரவிய பின்னர் நிலைமை மாறியது. 1912, 1913 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க வாகையர் பட்டம் வென்ற மாரிஸ் மெக்லோக்லின், தம் தொடக்க அடியின் வேகத்தாலேயே பெரும் புகழ் ஈட்டினார்.

அதன் விளைவை 1969ஆம் ஆண்டு விம்பிள்டனில் உலகம் கண்டது. பாஞ்சோ கொன்சாலசும் சார்லி பாசரெலும் மோதிய முதல் சுற்று ஆட்டம் இரண்டு நாள் நீடித்து, 112 கேம்களுக்குப் பிறகே முடிவுற்றது. அதன் முதல் செட் மட்டும் 24–22 என்று முடிந்தது. ஒருவர் தொடங்கும் கேமை மற்றவர் பறிக்க இயலாவிட்டால் ஆட்டம் இவ்வாறுதான் நீளும். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பொதுப்போட்டியில் டைபிரேக்கர் முறை நடைமுறைக்கு வந்தது. அது செட்டின் நீளத்தைக் குறைத்ததே தவிர, பந்தைப் பெறுபவருக்கு நேரடியாக உதவவில்லை. டென்னிசில் பெறுபவர் தம் கண்ணையும் காலையும் நம்பியே நிற்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு நின்றவர்களுள் தலையாயவர் ஆந்த்ரே அகாஸி. போரிஸ் பெக்கருடன் ஆடிய முதல் மூன்று ஆட்டங்களிலும் அவர் தோற்றார். பின்னர் பெக்கரின் ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது, அடிப்பதற்குச் சற்று முன்னர் பெக்கரின் நாக்கு வெளியே நீள்வதையும், அது நீளும் விதம் பந்து செல்லவிருக்கும் திசையைக் காட்டிக்கொடுப்பதையும் தாம் கண்டுகொண்டதாக அகாஸி பின்னாளில் விவரித்தார். இருவரும் மோதிய பதினான்கு ஆட்டங்களில் பத்தில் அகாஸியே வென்றார். 1992இல் விம்பிள்டன் இறுதியாட்டத்தில், தொடக்க அடியில் பேர்பெற்ற கோரன் இவானிசெவிச்சை ஐந்து செட்களில் வீழ்த்தியவரும் அவரே. எதிரடியின் முதல் பாடம் மட்டையில் தொடங்குவதில்லை. உற்றுநோக்குதலில் தொடங்குகின்றது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சகோதரர்களின் 'எஸ்' சர்வீஸ்

இனி, நமக்கு நெருக்கமான பூப்பந்துக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் மலேசியாவின் சீடேக் சகோதரர்களான ரசீஃப், ஜலானி இணையர் 'எஸ்' சர்வீஸ் என்னும் தொடக்க அடியால் உலகைத் திகைக்க வைத்தனர். இறகுப்பந்தின் தக்கைப் பகுதிக்கு மாறாக அதன் இறகுகளில் மட்டை முதலில் படுமாறு அடிப்பதே அதன் நுட்பம். அவ்வாறு அடிக்கப்பட்ட பந்து தள்ளாடிச் சுழன்று சென்றது. எதிரே நின்றவரால் அதனைக் கணிக்கவே இயலவில்லை. 1982இல் இவ்விணையர் அனைத்து இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றனர். நாடே மகிழ்ந்தது.

அனைத்துலகப் பூப்பந்துக் கூட்டமைப்போ அவ்வடியைத் தடை செய்தது. தொடக்க அடியில் மட்டை முதலில் தக்கைப் பகுதியிலேயே பட வேண்டும் என்பது இன்று விதி. நம்மவர்களின் கண்டுபிடிப்பு தடைபட்டதே என்று வருந்தியோர் இங்குப் பலர். ஆனால் பின்னர் நடந்ததையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அடி இல்லாமலேயே இவ்விருவரும் 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொணர்ந்தனர். அதே ஆண்டு கோலாலம்பூரில் தாமஸ் கிண்ணத்தை வென்ற அணியிலும் அவர்கள் இருந்தனர். பந்து திரும்பி வந்தபோதும் வெல்லத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதை வரலாறு இவ்வாறு மெய்ப்பித்தது.

இது பூப்பந்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. மேசைப்பந்தில் 1930களில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் விரல்களால் பந்தைச் சுழற்றிவிட்டு அடித்தனர். அதுவும் தடை செய்யப்பட்டது. பந்தைத் திறந்த உள்ளங்கையில் வைத்து மேலெறிய வேண்டும் என்று இன்றைய விதி கூறுகின்றது. 2002ஆம் ஆண்டு முதல், பந்தை உடலாலோ கையாலோ மறைத்து அடிப்பதும் கூடாதென்றாயிற்று. 2023இல் பூப்பந்தில், இறகுப்பந்தை விரலால் சுழற்றிவிட்டு அடிக்கும் புதிய முறை தோன்றியபோது, உலகக் கூட்டமைப்பு அதே ஆண்டு மே மாதத்திலேயே அதனைத் தடுத்தது.

நாடுகளும் காலங்களும் வேறாயினும் காரணம் ஒன்றே. திருப்பி அடிக்கவே இயலாத பந்து, எவ்வளவு நுட்பமாயினும், ஆட்டத்தை முடித்துவிடுகின்றது.

பெறுபவருக்கு முதலிடம் தந்த ஆட்டம்

பிக்கல்பால் பிறந்தது 1965ஆம் ஆண்டு கோடைக்காலத்தில். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டல் நகருக்கு எதிரேயுள்ள பேன்பிரிட்ஜ் தீவில், விடுமுறைக்குக் கூடிய குடும்பத்தினர் பொழுது போகாமல் இருந்தனர். ஜோயல் பிரிட்சர்ட், பில் பெல் ஆகிய இருவரும் வீட்டிலிருந்த பழைய பூப்பந்துக் களத்தில், மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு ஓர் ஆட்டத்தை உருவாக்கினர். சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்த வலையைப் பின்னர் 91 சென்டிமீட்டருக்கு இறக்கினர். பார்னி மெக்கல்லம் என்னும் நண்பரும் சேர்ந்துகொள்ள, விதிகள் படிப்படியாகச் சீர்பட்டன. பெரியோரும் சிறியோரும் ஒருங்கே ஆட வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். 1984இல் முதல் விதிநூல் வெளிவந்தது. 2022இல் வாஷிங்டன் மாநிலம் இதனைத் தன் அதிகாரப்பூர்வ விளையாட்டாக அறிவித்தது.

குடும்பத்திற்காக உருவான ஆட்டம் என்பதால், தொடக்க அடியின் வலிமையை விதிகளே அடக்கி வைத்தன. வழக்கமான முறையில் பந்தை இடுப்புக்குக் கீழிருந்துதான் அடித்துத் தொடங்க வேண்டும். அப்பந்து குறுக்காகச் சென்று எதிர்க்களத்தில் ஒரு முறை விழ வேண்டும். எதிரடியும் அவ்வாறே தொடங்கியவரின் பக்கத்தில் ஒரு முறை விழுந்த பின்னரே அடிக்கப்பட வேண்டும். மேலும், வலையை ஒட்டிய 2.13 மீட்டர் பகுதிக்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடித்தல் கூடாது. ஆட்டக்காரர்கள் அப்பகுதியைச் சமையலறை என்று வேடிக்கையாக அழைக்கின்றனர்.

இவ்விதிகளின் பயனைக் கூர்ந்து நோக்குக. தொடங்கிய அணி, எதிரடி தரையில் படும்வரை பின்கோட்டருகே காத்திருக்க வேண்டியுள்ளது. பெறும் அணிக்கோ அத்தடை இல்லை. எதிரடியை அனுப்பியவுடன் முன்னேறிச் சமையலறைக் கோட்டைக் கைப்பற்றிக்கொள்ளலாம். மரபான புள்ளி முறையில் தொடங்கும் அணி மட்டுமே புள்ளி ஈட்டலாம் என்பதால், இரு பக்கமும் சமநிலை அடைகின்றது. 2021இல் பந்தைச் சுழற்றிவிட்டு அடிக்கும் 'செயின்சா' சர்வீஸ் பரவியபோதும் பழைய வரலாறே திரும்பியது: 2022இல் அதற்குக் கட்டுப்பாடு வந்தது, 2023 முதல் கையால் சுழற்றிவிடுவதே தடையாயிற்று.

எதிரடியைச் செம்மைப்படுத்த

மேற்கண்ட வரலாற்றை அறிந்தவர்க்குப் பயிற்சியின் வழி எளிதில் புலப்படும். மாணவர்க்கு நான் கூறுவன இவை:

1. பின்கோட்டிற்கு ஓரிரு எட்டுப் பின்னால் நில்லுங்கள். முன்னோக்கி வந்து அடிப்பது எளிது. பின்னோக்கி நகர்ந்துகொண்டே அடிப்பது கடினம்.

2. எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அகாஸியின் பாடம் இதுவே. பந்து வலையைக் கடந்த பின்னர்ப் பார்க்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

3. பந்தை ஆழமாக, எதிர்ப்பக்கப் பின்கோட்டருகே விழுமாறு அனுப்புங்கள். எதிராளி பின்னாலேயே தங்க நேரிடும்.

4. வேகத்தைக் காட்டிலும் உயரத்தை நம்புங்கள். வலைக்கு மேல் நன்கு வளைந்து செல்லும் பந்து, தாங்கள் முன்னேறுவதற்கு நேரம் தருகின்றது. வேகமாக அடித்த பந்து வேகமாகவே திரும்பி வரும்.

5. அடித்தவுடன் முன்னேறுங்கள். ஆனால் எதிராளி அடிக்கும் நொடியில், எங்கிருந்தாலும் நின்று, இரு கால்களையும் ஊன்றிக்கொள்ளுங்கள்.

6. ஒரே அடியில் புள்ளியை முடிக்க எண்ணாதீர்கள். ஓரக்கோட்டை நாடுவதைவிட நடுப்பகுதியை நாடுவது பிழையைக் குறைக்கும்.

பள்ளியில் தனிக் களம் வேண்டியதில்லை. பிக்கல்பால் களமும் பூப்பந்து இரட்டையர் களமும் 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்டவை. பூப்பந்துக் களத்தின் முன்கோடு வலையிலிருந்து 1.98 மீட்டரில் உள்ளது. அதிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு வரைந்து, வலையை இறக்கினால் போதும். பின்கோட்டருகே ஒரு பழைய பாயை விரித்து, பத்துப் பந்துகளில் எத்தனை அதன்மேல் விழுகின்றன என்று மாணவரையே எண்ணச் செய்யலாம்.

களத்தோரம் நிற்கும் பிள்ளைகள்

இவ்வரலாற்றை ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைவு. புறப்பாட நடவடிக்கையின்போது இரண்டாம் ஆண்டு மாணவரும் ஆறாம் ஆண்டு மாணவரும் ஒரே களத்தில் ஆட நேர்கின்றது. பலமாக அடிக்கத் தெரிந்த ஒருவர் தொடங்கினால், எதிரே நிற்கும் சிறுவரால் ஒரு பந்தையும் தொட இயலாது. நான்கைந்து மாலைகள் அவ்வாறு கழிந்த பின்னர், அச்சிறுவர் தாமாகவே களத்தோரம் சென்று அமர்ந்துவிடுகின்றார். "அவனுக்கு விளையாட்டில் நாட்டமில்லை" என்று நாமும் எழுதிவிடுகின்றோம். அவருக்கு வாய்க்காதது நாட்டமா, திருப்பி அடிக்கும் ஒரு வாய்ப்பா என்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

உலகக் கூட்டமைப்புகள் வாகையர்களுக்காகச் செய்ததை, நாம் நம் திடலில் சிறுவர்களுக்காகச் செய்யலாம். தொடக்க அடியைக் கையால் மெதுவாக வீசச் செய்யலாம். எதிரடி வலையைக் கடந்த பின்னரே புள்ளிக் கணக்குத் தொடங்கும் என்று விதி வகுக்கலாம். தொடர்ச்சியாக எத்தனை முறை பந்து வலையைக் கடந்தது என்பதற்கே பாராட்டு வழங்கலாம். பலமுள்ள மாணவரும் இதனால் இழப்பதொன்றுமில்லை. திரும்பி வரும் பந்தை ஆடக் கற்றவரே அடுத்த நிலைக்கு உயர்கின்றார் என்பதைச் சீடேக் சகோதரர்கள் நமக்குக் காட்டிச் சென்றுள்ளனர்.

பெற்றோர்களே, அடுத்த முறை தங்கள் பிள்ளை ஆடி முடித்து வீடு திரும்பும்போது, எத்தனை புள்ளி எடுத்தாய் என்பதோடு, எத்தனை பந்தைத் திருப்பி அடித்தாய் என்றும் கேளுங்கள். அவ்வெண்ணிக்கை வாரந்தோறும் உயருமாயின், அப்பிள்ளை ஆட்டத்தைவிட்டு விலகாது.