அமுதசுரபியும் அணுச்சேர்க்கையும்

சேதனம் என்றும் அசேதனம் என்றும் உலகை இரண்டாகப் பகுத்தனர் நம் முன்னோர். அறிவும் உணர்வும் உடையது சேதனம்; அவை அற்றது அசேதனம். மேலை நாட்டு இரசாயன அறிஞரும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணினர். உயிருடலில் விளையும் பொருள்களை ஆக்குவதற்குத் தனியானதோர் உயிர்ச் சக்தி வேண்டும் என்பது அவர்களுடைய துணிபு. 1828ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வோலர், சிறுநீரில் காணப்படும் யூரியாவை உயிரற்ற உப்புகளிலிருந்து தம் ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினார். பழைய மதில் அன்றே இடிந்து வீழ்ந்துவிடவில்லை. ஆனால் அதில் முதல் வெடிப்புக் கண்டது. அரை நூற்றாண்டு கழியுமுன்னரே, யாழ்ப்பாணத்தில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீனின் முயற்சியால், 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது.

உயிரின் அடிப்படைப் பொருள்கள் நான்கு இனத்தன. வெல்லமும் மாப்பொருளும் அடங்கிய காபோவைதரேற்று ஓர் இனம்; கொழுப்பு மற்றோரினம்; புரதம் மூன்றாவது; நியூக்கிளிக்கமிலம் நான்காவது. இவை நான்கிற்கும் முதுகெலும்பு காபன் என்னும் ஒரே மூலகந்தான். பாடசாலையில் இவற்றைச் சூத்திரங்களாக மனனஞ் செய்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். இச் சூத்திரங்களுக்குப் பின்னே மனித உழைப்பின் வரலாறு ஒன்று மறைந்து கிடக்கிறது. அதைக் காண்பதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எனக் கடலிடையே கிடக்கும் நம் தீவகமே போதும்.

ஆறில்லாத நிலம் அது. தோண்டினால் முருகைக்கல், சற்று ஆழப் போனால் உவர்நீர். நெடுந்தீவில் வேலிக்குப் பதிலாக முருகைக்கல் மதில்களே வளவுகளைப் பிரிக்கின்றன. அக் கல்லிலும் காபன் உண்டு. ஆனால் அது கல்சியத்தோடும் ஒட்சிசனோடும் பிணைந்து உறங்கும் காபன். அம் மதிலோரத்துப் பனையோ காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்து, வேர் உறிஞ்சிய நீரோடு சேர்த்து, ஞாயிற்றின் ஒளியால் வெல்லமாக்குகிறது. உயிரற்றதை உயிருள்ளதாக்கும் இந்த மாபெரும் தொழிலை வரண்ட தீவில் நிறைவேற்றும் தலையாய தொழிற்சாலை பனைதான். 1850இல் கொழும்பில் பனையைப் பற்றித் தனி நூலே எழுதினார் வில்லியம் பெர்குசன். நெல் விளையாத ஆண்டுகளிலும் மக்களைக் காத்தது இந்த மரமே.

பாளையைச் சீவினால் ஊறும் பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கரும்புவெல்லம் உண்டு. பன்னிரண்டு காபன், இருபத்திரண்டு ஐதரசன், பதினொரு ஒட்சிசன் அணுக்கள் கூடிய மூலக்கூறு அது. வெறும் முட்டியைக் கட்டினால் காற்றிலுள்ள மதுவம் உள்ளே புகுந்து, அவ் வெல்லத்தை உடைத்து மதுசாரமாக்கும், அது கள். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவிவிட்டால் மதுவத்தின் செயல் தடைப்படும், இனிப்புக் கெடாது, அது கருப்பநீர். அதைக் காய்ச்சி எடுப்பது பனங்கட்டி. புளிப்புக்குக் காரணம் உயிருள்ள நுண்ணங்கிகளே என்று பாஸ்டர் ஆராயத் தொடங்கியது 1857ஆம் ஆண்டில். அந் நுண்ணங்கிகளின் சாற்றிலுள்ள நொதியமே இவ்வேலையைச் செய்யும் என்று பூக்னர் காட்டியது 1897இல். ஆனால் அவ்விருவருக்கும் வெகுகாலம் முன்னரே, தளைநாரும் பாளைக்கத்தியும் கொண்டு மரமேறிய தொழிலாளி இந்த இரசாயனத்தைக் கையினால் ஆண்டான். மதிலாகி நின்ற கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, வெல்லத்துக்குக் காவல் வைத்தவன் அவனே.

அங்ஙனமாயின் பாஸ்டரின் உண்மையை அவன் ஏன் கண்டுரைக்கவில்லை? பழம்பெருமை பேசுவோர், “எல்லாம் நம்மவர் அறிந்ததே” என்று சொல்லி அமைதியடைவர். நாம் அவ்வாறு அமைய முடியாது. கைப்பழக்கம் வேறு, காரணம் அறிந்த விஞ்ஞானம் வேறு. முன்னது பின்னதாக வளர வேண்டுமானால், வேலை செய்யும் கையும் எழுதும் கையும் ஒன்றுபடவேண்டும். நம் சமுதாயத்தில் அவை ஒன்றுபடவில்லை. அதே பனையின் ஓலையிலேதான் இலக்கணமும் வாகடமும் சோதிடமும் எழுதப்பட்டன. ஓலையை வெட்டி இறக்கியவனுக்கோ எழுத்து மறுக்கப்பட்டது. இதைவிடக் கொடிய முரண்பாடு வேறுண்டோ?

அந்த ஓலையின் நாரும், பனங்கிழங்கின் மாவும் ஒரே செங்கல்லால் கட்டப்பட்டவை என்பதை இங்கு நினைத்தல் தகும். இரண்டும் குளுக்கோசு மூலக்கூறுகளின் நெடுஞ்சங்கிலிகளே. கண்ணிகள் பிணைந்திருக்கும் பாங்கு மட்டுமே வேறு. ஒரு பாங்கிற் பிணைந்தால் மாப்பொருள். அதை உடைக்கும் நொதியம் நம் உமிழ்நீரிலேயே உண்டு. மறு பாங்கிற் பிணைந்தால் செலுலோசு. அது நம் குடலிற் கரையாது. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணங்கிகள் அதையும் கரைத்துவிடுகின்றன.

கிழங்கின் பிறப்பும் வியக்கத்தக்கது. ஆவணியில் விழும் பனம்பழத்தின் விதையைப் பாத்தியில் அடுக்குகிறோம். விதையினுள்ளே கல்லைப்போல் இறுகிக் கிடப்பதும் காபோவைதரேற்றே. முளைவிடும்போது பூரான் அதனைக் கரைத்து உறிஞ்சுகிறது. மண்ணுக்குள் இறங்கும் கிழங்கில் அது மாப்பொருளாகச் சேர்கிறது. தையளவில் கிண்டி எடுத்து, பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவின் காறலைப் போக்க, நீரில் ஊறவிட்டுப் பிழிந்தெடுக்கும் முறையைக் கண்டவர்கள் நம் பெண்கள். எந்த நூலும் அவர்கள் பெயரைக் குறிக்கவில்லை.

ஆயினும் மாப்பொருள் மட்டும் உடலை வளர்த்துவிடாது. தசைக்கும் குருதிக்கும் வேண்டுவது புரதம். இருபது வகை அமினோவமிலங்கள் கோத்த மாலை அது. காபனோடு நைதரசனும் அதற்கு வேண்டும். ஒடியல் அதை வேண்டுமளவு தராது, கடல் தரும். மீனும் இறாலும் நண்டும், பயற்றங்காயும் பலாக்கொட்டையும் ஒடியல் மாவோடு ஒரே பானையில் வேகும் கூழ், ஏழையின் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த அரிய கண்டுபிடிப்பு எனலாம். மரமேறியவனும் வலை வீசியவனும் தோட்டம் செய்தவனும் அப்பானையில் ஒன்றுகூடினர். ஊரில் அவர்கள் ஒன்றுகூட முடிந்ததா?

அந்நியர் வரலாற்றையும் ஒரு மூலக்கூறே நமக்குச் சொல்லும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வேலணைக்கு லெய்டன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தம் நாட்டு நகர்களின் பெயர்களைச் சூட்டினர். இப்பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் வளரும் சாயவேர் அவர்கள் கண்ணை ஈர்த்தது. படிகாரம் ஊட்டிய துணியில் அழியாச் சிவப்பை ஏற்றும் வேர் அது. அச் சிவப்பின் உட்பொருள் அலிசரின் என்னும் சேதனச் சேர்வை. வேரைக் கிண்டுதல் குறித்த சாதியாரின் கடமையாக விதிக்கப்பட்டது. வெயிலில் மண்ணைக் கிளறியவர் ஒருவர். நிறத்தை விற்றுப் பொன் குவித்தவர் வேறொருவர். 1868இல் ஜெர்மனியில் கிறேபவும் லீபர்மனும் நிலக்கரித் தாரிலிருந்து அலிசரினை ஆக்கும் வழியைக் கண்டனர். வேருக்கு இருந்த மதிப்பு உலகச் சந்தையில் வீழ்ந்தது. வேரில் பிறந்தாலும் தாரில் பிறந்தாலும் மூலக்கூறு ஒன்றே. வோலர் தொடக்கிவைத்த உண்மை முதலாளியின் இலாபக் கணக்காக முடிந்தது. விஞ்ஞானம் யார் கையில் இருக்கிறது என்பதே என்றும் கேள்வி.

நான்காவது இனத்துக்கு வருவோம். 1869ஆம் ஆண்டிலேயே மீஷர் உயிரணுவின் கருவிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் இரட்டைச் சுருள் அமைப்பை 1953இல் வாட்சனும் கிறிக்கும் விளக்கினர். நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஏடு அது. கோயிலின் உள்ளே நிற்பவனுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கும் எழுத்து அந் நான்கே. ஆனால் இதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் நடந்ததென்ன? சீவல் தொழிலாளி இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்தவர்களே, அவனுக்குத் தேநீரைத் தனிக் குவளையில் கொடுக்கச் செய்தனர். 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் போராட்டம் நிகழ்ந்தது. இரசாயனம் கற்பித்த உண்மையை நடைமுறையாக்க மனிதர் அடிபடவேண்டியிருந்தது.

1970களில் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுபட்டனர். 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பின்னர் போர் வந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்களில் மிகப் பலர் ஊரைவிட்டு அகன்றனர். திரும்பியோர் பலர், திரும்பாதோரும் பலர். ஆளற்ற வளவுகளில் பனை மட்டும் காற்றிலிருந்து வெல்லத்தை ஆக்கிக்கொண்டே நின்றது. இறக்குவதற்குக் கையில்லாதபோது அவ் வெல்லம் யாருக்கு உணவாகும்? இயற்கை மூலக்கூறைத் தரும். அதை உணவாக்குவது உழைப்பு.

காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும, இலண்டனில் பொதுவுடைமையாளரான பெர்னாலிடம் பயின்றவர். 1969இல் அவுஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லில், விண்ணிலேயே உருவான அமினோவமிலங்கள் இருப்பதை அவரும் அவர் குழுவினரும் 1970இல் அறிவித்தனர். உயிரின் செங்கற்கள் பேரண்டத்தின் பொதுச்சொத்து என்பது இதனால் தெளிவாயிற்று. விண்ணிலும் பொதுவாய்க் கிடப்பதை மண்ணில் வேலியிட்டுப் பிரித்தது யார்?

மணிமேகலைக் காப்பியம் சொல்லும் மணிபல்லவம் நயினாதீவே என்று கருதுவோர் உண்டு. அங்கே அவள் பெற்ற அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. அவள் அதைக் கொண்டுசென்றது பசித்தோரிடம். அட்சய பாத்திரம் ஒரு கற்பனை என்று நம் மாணவர் நகைக்கக்கூடும். காற்றும் நீரும் ஒளியும் கூடி ஓயாது உணவாக்கும் பச்சை இலையை அவர்களுக்குக் காட்டுவோம். பாத்திரம் கற்பனையன்று, அது எல்லோர் கைக்கும் எட்டவேண்டும் என்னும் நீதிதான் இன்னும் கற்பனையாக இருக்கிறது. இரசாயனப் பாடத்தை அங்கிருந்து தொடங்குவோம்.