குதிரையின் காலும் மனிதனின் பொறுமையும்

யாழ்ப்பாண நகருக்குக் கிழக்கே, கண்டி வீதியை ஒட்டியும் கடனீரேரியைத் தழுவியும் கிடப்பது அரியாலை. அவ்வூர் வீதிகளில் இன்று குதிரையைக் காண்டல் அரிது. எனினும், குடாநாட்டிற்கு அப்பால் மேற்கே கடல் சூழ்ந்த நெடுந்தீவிலே குதிரைகள் இன்றும் கூட்டங் கூட்டமாகத் திரிகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. பழைய குதிரை லாயத்தின் கற்றூண்கள் அத்தீவில் இன்னும் நிற்கின்றன. குதிரையை வளர்க்கவும் விற்கவும் ஏறிச் செலுத்தவும் மனிதன் நெடுங்காலமாக அறிவான். கால் நொந்த குதிரையை மீண்டும் நடக்கச் செய்யும் கலையையோ அவன் மிகத் தாமதமாகவே கற்றான்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ வியப்பான செய்தியொன்றைத் தருகிறார். அங்குள்ள மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவானாம். ஆண்டு முடிவில் 100கூட எஞ்சாவாம். பேணும் முறை அறிந்தார் இல்லாமையே காரணம் என்றும், அறிந்தோரை அந்நாட்டிற்குச் செல்ல வணிகர் விடுவதில்லை என்றும் அவர் கூறுகிறார். குதிரை மாண்டால்தானே மறுபடியும் விற்கலாம்! இதில் மிகை இருத்தல் கூடும். சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வழங்கும் பரிமருத்துவ நூல்கள் பாரத நாட்டில் முன்பே இருந்தன. ஆயினும், ஏட்டிலுள்ள அறிவு லாயத்தை எட்டாவிடிற் பயன் யாது?

1761இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் முதலாவது கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. சென்னையில் அத்தகைய கல்லூரி 1903இல் தோன்றியது. இருந்தும், தசைநாண் நைந்த காலுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சூடிடும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அதனால் நன்மை ஏதுமில்லை என்பதை 1983இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு காட்டிற்று.

குதிரையின் காலைக் குணப்படுத்தல் ஏன் கடினம்? முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. எலும்பும் நாணுமே உள. ஆங்கு இரத்த ஓட்டம் குறைவாதலின் புண் ஆற மாதங்கள் பல செல்லும். மனிதரைப்போல் நெடுநாள் படுத்துக்கிடக்கக் குதிரையால் இயலாது. நொந்த காலைத் தூக்கி நின்றாலோ, பாரம் முழுவதையும் தாங்கும் மற்றக் காலின் குளம்பினுள் அழற்சி கண்டு அதுவும் கெடும். 1975இல் அமெரிக்கப் பந்தயக் குதிரை ரபியன், கால் முறிவுக்குச் சத்திர சிகிச்சை பெற்று மயக்கம் தெளிந்தபோது உதைத்துத் துடித்து மீண்டும் காலை முறித்துக்கொண்டது. ஆகவே அதன் உயிரைப் போக்க நேர்ந்தது. 2006இல் பார்பரோ என்னும் குதிரையை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டே மயக்கந் தெளிவித்தனர். அது எட்டு மாதம் பிழைத்தது. பின்னர்க் குளம்பு அழற்சியே அதற்கு எமனாயிற்று.

இன்றைய முறை பொறுமையை அடிப்படையாகக் கொண்டது. முதலிற் குளிர்நீரும் கட்டும் ஓய்வும்; அடுத்துக் கயிறு பிடித்து நாள்தோறும் சில நிமிட நடை; பின்பு வாரந்தோறும் சிறிது மிகுந்த நடை; இறுதியிலேதான் ஓட்டம். தசைநாண் நோய்க்கு இஃது ஓராண்டளவும் நீளும். நீரில் நடத்தலும் உதவும். இடுப்பளவு நீரில் உடற்பாரத்தின் ஏறக்குறைய முக்காற் பங்கைத் தண்ணீரே தாங்குகிறது. அரியாலைக் கடனீரேரி போன்ற அலையடங்கிய நீர்நிலையில், அடிநிலம் உறுதியாயின், இயற்கையே சிகிச்சைச் சாலையாகும்.

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு இப்பேறு இல்லை. அவற்றை ஏறிச் செலுத்துவாரும் இல்லை. காலைத் தொட்டுப் பார்ப்பாரும் இல்லை. கடும் வரட்சியில் நீரின்றி மாண்டவையும் உண்டு. கப்பலேற்றிக் கொணர்ந்தவன் மனிதனாதலின், அவற்றுக்குத் தண்ணீரும் மருந்தும் அளித்தல் அருளன்று, கடமையேயாம்.