தமிழ்க் குற்றப்புனைவும் வாசகர் தீர்ப்பும்

கொலை, மர்மம், பேய் ஆகியவற்றை மையமாகக் கொண்ட நாவல்கள் தமிழில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாசிக்கப்படுகின்றன. விற்பனையும் கண்டனமும் இவற்றுக்குச் சேர்ந்தே வந்தன. இவை வாசகரைக் கெடுக்கின்றனவா, வாசிப்பை வளர்க்கின்றனவா என்ற விவாதம் தமிழ் நாவலின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

தோற்றம்

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளியானது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் துப்பறியும் கதையும் வந்துவிட்டது. பண்டித நடேச சாஸ்திரி 1894இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகிய மூவரும் இவ்வகையைப் பரவலாக்கினர். ஆரணியார் ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதைகளைத் தழுவி எழுதினார். ரங்கராஜுவின் துப்பறிவாளர் கோவிந்தன் வாசகரிடையே புகழ்பெற்றார். வடுவூராரின் 'மேனகா'வும் ரங்கராஜுவின் 'ராஜாம்பா'ளும் 1935இல் திரைப்படங்களாயின.

கண்டனமும் வாசிப்பும்

இந்நாவல்கள் இளைஞரையும் பெண்களையும் நெறிதவறச் செய்யும் என்று அக்காலத்துப் பெரியோர் பலர் அஞ்சினர். இந்த அச்சத்தின் பின்னணியை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் ஆராய்ந்துள்ளார். அதுவரை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கூடியிருந்து கேட்பதே வழக்கம். நாவலைத் தனித்து, மௌனமாக வாசிக்கலாம். ஒரு பெண் என்ன படிக்கிறாள் என்பது வீட்டாருக்குக் கேட்காமல் போயிற்று. கதையின் தரத்தோடு, வாசகரின் இந்தத் தனிமையும் கண்டனத்திற்கு ஒரு காரணம்.

மணிக்கொடி எழுத்தாளர்களின் எதிர்ப்பு வேறு வகையானது. தழுவலைக் கடுமையாக எதிர்த்தவர் புதுமைப்பித்தன். திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த அவருடைய இயற்பெயர் சொ. விருத்தாசலம். ஆயினும் அவர் பேய்க்கதையை ஒதுக்கவில்லை. அவருடைய 'காஞ்சனை' சிறுகதை, நடந்தது பேயின் செயலா, மனத்தின் மயக்கமா என்பதை வாசகரின் முடிவுக்கே விட்டுவிடுகிறது.

பாக்கெட் நாவல் காலம்

வார இதழ்கள் மர்மக்கதையை வளர்த்தன. தேவனின் துப்பறியும் சாம்பு நகைச்சுவையாலும், தமிழ்வாணனின் சங்கர்லால் சாகசத்தாலும் வாசகரைக் கவர்ந்தனர். குமுதத்தில் 1968இல் வந்த 'நைலான் கயிறு' வழியாகச் சுஜாதா வழக்கறிஞர் கணேஷை அறிமுகப்படுத்தினார். பின்னர் அவர் எழுதிய 'கொலையுதிர் காலம்' பேயா, அறிவியலா என்று கணேஷையும் வசந்தையும் எதிரெதிர் நிலையில் நிறுத்தியது.

1980களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளிலும் இரயில் நிலையக் கடைகளிலும் தொங்கின. வாடகை நூலகங்களில் அவை கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தன. ஒரே பயணத்தில் படித்து முடிக்கத்தக்க அளவும், கடைசிப் பக்கத்தில் அவிழும் முடிச்சும் இவற்றின் இலக்கணம். ஒரே வார்ப்பில் வந்தவை என்பது திறனாய்வாளர் குறை. தங்களை வாசிக்கப் பழக்கியவை என்பது வாசகர் பலரின் நன்றி. இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு.

விருத்தாசலமும் துப்பறிவாளர் இல்லாக் கதையும்

துப்பறியும் நாவல் வாசகருக்கு ஒரு வாக்குறுதி அளிக்கிறது: குற்றவாளி பிடிபடுவார், உண்மை வெளிவரும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் வட்டாரம் அந்த வாக்குறுதியைச் சோதித்த இடம். 2003இல் அருகிலுள்ள புதுக்கூரைப்பேட்டையில் சாதி மாறி மணந்த இளம் இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு, எரிக்கப்பட்டனர். 18 ஆண்டுகள் கழித்து, 2021இல், கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களுள் இருவர் காவல் அதிகாரிகள். கதையில் முடிச்சை அவிழ்க்க வேண்டியவர்கள் இங்கே முடிச்சின் பகுதியாக இருந்தனர்.

விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையம், குற்றத்தை இந்தப் பக்கத்திலிருந்து எழுதினார். 2012இல் வந்த 'பெத்தவன்', மகளைக் கொல்லுமாறு ஊரால் நெருக்கப்படும் ஒரு தந்தையின் கதை. சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'செல்லாத பணம்' நாவலில், உடல் கருகிய ஒரு பெண் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். அவளே தீ வைத்துக்கொண்டாளா, கணவன் கொளுத்தினானா என்ற கேள்விக்கு நாவல் உறுதியான விடை தருவதில்லை. பெற்றோரின் பணமும் அவளைக் காப்பாற்றவில்லை.

இரு வகை நாவல்களும் 'நடந்தது என்ன?' என்ற ஒரே கேள்வியில்தான் தொடங்குகின்றன. ஒன்று விடையைக் கொடுத்து வாசகரை நிம்மதியாக உறங்க அனுப்புகிறது. மற்றொன்று, விடை ஏன் கிடைக்கவில்லை என்று அவரையே கேட்க வைக்கிறது. முதல் வகையில் புதிரைத் தொடரப் பழகிய வாசகருக்கு இரண்டாம் வகையின் கேள்வியும் எளிதில் பிடிபடும். மர்ம நாவல் வாசகரைக் கெடுத்ததா என்ற பழைய வழக்கில் இதுவும் ஒரு சாட்சியம்.