பழைய பிக்கப்பும் நனைந்த உப்புத்தாளும்

பழைய பிக்கப் வண்டிக்குக் குறைந்த செலவில் புதுப் பெயிண்ட் அடிக்க நினைக்கும் எவரும் முதலில் விசாரிப்பது பெயிண்டின் விலையை. வாகனப் பெயிண்டின் வரலாற்றை எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஃபோர்டின் கறுப்பு, டூபான்ட் கம்பெனியின் டூகோ, பிறகு எனாமல், அக்ரிலிக், யூரித்தேன் என்று டப்பாக்களை வரிசையாக அடுக்கிவிட்டால் கதை முடிந்துவிடுகிறது. அந்த வரிசையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் ஒரு தச்சரோ சிறு விவசாயியோ தன் வண்டிக்குத் தானே மறுபடி பெயிண்ட் அடித்துக்கொள்ள முடிந்தது எப்படி என்ற கேள்விக்கு அது பாதி விடைதான். மீதிப் பாதி, டப்பாவைத் திறப்பதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. துருவைச் சுரண்ட வேண்டும், தேய்க்க வேண்டும், பள்ளத்துக்குப் பட்டி பார்க்க வேண்டும், கண்ணாடியையும் விளக்கையும் மறைக்க வேண்டும். இந்த வேலைகளை மலிவாக்கியவை தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாள், மாஸ்கிங் டேப், ரெசின் பட்டி ஆகிய மூன்றும்தான். சிக்கனப் பெயிண்டிங்குக்கு என்று தனியாக ஒரு வரலாறு எழுதினால் இம்மூன்றுக்கும் டூகோவை விடப் பெரிய இடம் தர வேண்டும் என்பது என் வாதம்.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் அதற்குப் பெயிண்ட் அடித்தவர்கள் குதிரைக் கோச்சுக்கு அடித்துக்கொண்டிருந்த அதே ஆட்கள், முறையும் அதே. ஆளி விதை எண்ணெயில் வெள்ளை ஈயத்தைக் குழைத்து அடிப்பூச்சு, பிறகு பட்டி, பிறகு மேடு பள்ளம் மறையும் வரை கனமான நிரப்புப் பூச்சு பல கோட்டு. அது இறுகியதும் நுரைக்கல்லைத் தண்ணீரில் நனைத்துப் பொறுமையாகத் தேய்ப்பார்கள். அதன் மேல் நிறம், அதன் மேல் வார்னிஷ். ஒவ்வொரு கோட்டும் காய நாட்கள் பிடித்தன. ஜெனரல் மோட்டார்ஸை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன், 1963-இல் வெளிவந்த தன் நினைவு நூலில், ஒரு காரின் பெயிண்ட் வேலைக்கு 2 முதல் 4 வாரம் பிடித்ததாகச் சொல்கிறார். இதைப் படித்துவிட்டு, காயும் நேரம்தான் பிரச்சினை என்று முடிவுகட்டுவது எளிது. தொழிற்சாலைக்கு அது சரியான முடிவுதான். காய்கிற வண்டிகளை நிறுத்தக் கூரை வேண்டும், கூரைக்குப் பணம் வேண்டும். ஒற்றை வண்டி வைத்திருப்பவருக்கு அது பெரிய சங்கடம் இல்லை. கொட்டகையில் வண்டி காய்ந்துகொண்டிருக்கும்போது அவர் வேறு வேலையைப் பார்க்கலாம். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே வந்த தேய்ப்பும், அதற்குத் தேவைப்பட்ட பழகிய கையும்தான் அவரைத் தடுத்தன.

பிக்கப்பைப் பொறுத்தவரை இந்தத் தடை இன்னும் கடுமையாக இருந்திருக்கும். ஃபோர்டின் மாடல் டி கார் வாங்கிய விவசாயிகள் பின்பக்கத்தில் தாங்களே மரப்பெட்டி பொருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 1925 ஏப்ரலில்தான் ஃபோர்டு, தொட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட வண்டிக்குக் கோச் பெயின்டரை வாரக்கணக்கில் வைத்து மறுபெயிண்ட் அடிப்பது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒன்றிலேயே வந்ததற்குக் காரணமும் அந்தப் பூச்சின் மலிவும் நீடித்து உழைக்கும் தன்மையும்தான். இதற்கிடையில் 1923-இல் டூகோ வந்துவிட்டது. 1924 மாடல் ஓக்லண்ட் கார்கள் அந்தப் பெயிண்டில் நீல நிறத்தில் வெளிவந்தபோது தொழிலே திரும்பிப் பார்த்தது. டூகோ போன்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் எண்ணெய்ப் பெயிண்டைப் போலக் காற்றோடு கலந்து மெல்ல இறுகுவதில்லை; தின்னர் ஆவியாகிப் பறந்தவுடன் காய்ந்துவிடும். வாரங்கள் மணிநேரங்களாகச் சுருங்கின.

டூகோ கடைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், அவ்வளவு ஆரவாரமின்றி, இன்னொரு பொருள் வந்திருந்தது. மினசோட்டா மைனிங் அண்ட் மேனுஃபாக்சரிங் (இன்றைய த்ரீ எம்) 1902-இல் குருந்தக்கல் வெட்டியெடுக்கப்போவதாகத் தொடங்கிய கம்பெனி. வெட்டிய கல் குருந்தம் இல்லை என்று தெரிந்தபின் உப்புத்தாள் செய்து பிழைத்துக்கொண்டிருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் மை தயாரித்துவந்த ஃபிரான்சிஸ் ஓகி என்பவர், தேய்ப்புத் துகள்களின் மாதிரிகளை அனுப்பச் சொல்லி அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். மைக்காரருக்கு எதற்குத் துகள் என்று நிர்வாகி வில்லியம் மெக்நைட் விசாரித்தபோது, தண்ணீரில் ஊறாத உப்புத்தாள் ஒன்றை ஓகி உருவாக்கியிருப்பது தெரியவந்தது. உரிமையை வாங்கி 1921-இல் அதை 'வெட்-ஆர்-டிரை' என்ற பெயரில் விற்றார்கள். பழைய தாளில் துகளை ஒட்டியது விலங்குப் பசை; தண்ணீர் பட்டால் இளகித் துகள் உதிர்ந்துவிடும். அதனால் காய்ந்த நிலையிலேயே தேய்க்க வேண்டியிருந்தது. அடியில் இருந்ததோ ஈயப் பெயிண்ட். தூசியாகப் பறந்த ஈயம் தொழிலாளியின் நுரையீரலுக்குப் போனது. நனைத்த தாளில் அது சாம்பல் நிறக் குழம்பாக வழிந்து கீழே போயிற்று. தாளின் பற்களும் அடைத்துக்கொள்ளவில்லை. கீறலும் மென்மையாக விழுந்தது. நுரைக்கல்லின் ஈரமும் தாளின் வளைந்துகொடுக்கும் தன்மையும் ஒரே பொருளில் கிடைத்தன என்று சொல்லலாம். பெயிண்ட் உரிந்த இடத்தின் விளிம்பை நனைத்த தாளால் சரிவாக்கிக்கொண்டே போய், கண்ணை மூடி விரல் நுனியால் தடவினால் தகடு எங்கே முடிந்து பெயிண்ட் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நிலைக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலையின் மையம். அதற்குக் கோச் பெயின்டரின் பத்தாண்டுப் பழக்கம் தேவையில்லாமல் போனது இந்தத் தாளால்தான்.

அந்தத் தாளின் பிள்ளை மாஸ்கிங் டேப். செயின்ட் பால் நகரப் பட்டறைகளுக்கு வெட்-ஆர்-டிரை மாதிரிகளைக் கொண்டுபோன ரிச்சர்ட் ட்ரூ என்ற இளம் ஆய்வக ஊழியர், இரட்டை நிறம் அடிக்கும் பெயின்டர்கள் படும் பாட்டைப் பார்த்தார். காகிதத்தைப் பசை போட்டு ஒட்டினால், பிரிக்கும்போது புதுப் பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. முதலிலிருந்து தேய்க்க வேண்டியதாயிற்று. அந்த முயற்சியை விடு என்று மெக்நைட் சொல்லியும் விடாமல், 1925-இல், இழுத்தால் விட்டுக்கொடுக்கும் பசையோடு காகித டேப் ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் ஓர் ஆய்வக ஊழியர் காது கொடுத்துக் கேட்டதால் பிறந்த பொருள் இது என்பதால், ஆராய்ச்சிக்கூடங்களின் வரலாற்றில் இது அடிக்கடி பாராட்டப்படுகிறது. பட்டறைக்காரருக்கு இதன் மதிப்பு வேறு. கண்ணாடி ரப்பரையும் கைப்பிடியையும் கழற்றாமல் பெயிண்ட் அடிக்க முடிந்தது. ஒரு தடவை செய்த தேய்ப்பை மறுபடி செய்ய வேண்டியிராமல் போனது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். டூகோ மாதிரி வேகமாகக் காயும் பெயிண்ட் வராவிட்டால் தாளும் டேப்பும் யாருக்கு வேண்டியிருந்திருக்கும்? இரட்டை நிறம் என்ற ஆசையே டூகோ கொடுத்ததுதானே? இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை என் பக்கமே சாய்கிறது. லாக்கர் காய்ந்தபின் மிஞ்சும் படலம் மெல்லியது. கனமான எண்ணெய்ப் பெயிண்ட் மறைத்துக் காப்பாற்றிய கீறலையும் குழியையும் அது பளபளப்போடு காட்டிக்கொடுக்கும். போதாக்குறைக்கு, லாக்கர் தின்னர் கடுமையானது; அடியில் பழைய எனாமல் இருந்தால் அதைச் சுருங்கச் செய்து கிளப்பிவிடும். பெயிண்ட் வேகமாக ஆக ஆக, அடித்தளத்தின் மீது அதற்கிருந்த எதிர்பார்ப்பு கூடியது. டூகோவை வாங்கியவர் தேய்ப்பிலிருந்து விடுபடவில்லை. முன்பை விட நுணுக்கமான தேய்ப்புக்குக் கடன்பட்டார். அந்தக் கடனை அடைக்க மலிவான தாள் கடையில் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

மூன்றாவது பொருள் தாமதமாக வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் நசுங்கிய தகட்டை நிரப்ப நல்ல பட்டறைகள் பயன்படுத்தியது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. தகட்டைச் சூடாக்கி, அந்தக் கலவையைக் களிபோல் இளக்கி, கொழுப்பு தடவிய மரக்கரண்டியால் பரப்ப வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் ஒழுகும், கூடுதலாகக் கூடினால் தகடு நெளியும். இதை வீட்டுக் கொட்டகையில் செய்ய யாரும் துணியமாட்டார்கள். 1955-இல் மயாமியில் பட்டறை நடத்திய ராபர்ட் மெர்ட்டன் ஸ்பிங்க், பாலியெஸ்டர் ரெசினில் டால்க் மாவைக் கலந்து, ஹார்டனர் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகும் பட்டியை உருவாக்கினார். அதுதான் பாண்டோ. ஒரு தகரத் துண்டின் மேல் குழைத்து, பிளாஸ்டிக் தகட்டால் தடவினால் போதும், நெருப்பு வேண்டாம். நசுங்கிய பின்கதவும் குழிந்த மட்கார்டும் உள்ள பிக்கப்பை உடையவரே சரிசெய்யும் காலம் இங்கேதான் உண்மையில் தொடங்குகிறது. அதோடு ஒரு விபரீதமும் தொடங்கியது. பட்டியிலுள்ள டால்க் ஈரத்தைக் குடிக்கும். பிரைமர் அடிக்காத வெறும் பட்டியை நனைத்த தாளால் தேய்த்தால், உள்ளே போன தண்ணீர் பின்னாளில் கொப்புளமாகவும் துருவாகவும் வெளியே வரும். ஆகவே பட்டியை உலர்வாகவே தேய்க்க வேண்டியிருந்தது. ஓகியின் தாள் விரட்டிய தூசி, ஈயம் குறைந்த வடிவில், பட்டறைக்குள் திரும்பி வந்தது.

இன்னொரு ஆட்சேபம், மலிவு வேண்டுமென்றால் வேலையைக் குறை என்பது. இதற்குச் சாட்சியாக ஏர்ல் ஷைபைக் கூப்பிடுவார்கள். 1937-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி, எந்தக் காருக்கும் எந்த நிறமும் 29.95 டாலர் என்று விளம்பரம் செய்து நாடு முழுக்கக் கிளை பரப்பியவர் அவர். கூட்டம் வந்தது, ஆகவே மக்களுக்குத் தேவைப்பட்டது மலிவான ஸ்பிரேதான் என்று சொல்லிவிடலாமா? அந்த விலையைக் கூலிக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பெயிண்டும் அதைக் காயவைக்கும் சூட்டறையும் மொத்தமாக வாங்கினால் மலியும். மனிதக் கையின் தேய்ப்பு மொத்தமாகவும் மலியாது. முப்பது டாலருக்குள் ஒருவர் நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்க வழியில்லை. விஷயம் தெரிந்த சிக்கனக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு நடந்தார்கள். குரோமியப் பட்டைகளையும் விளக்குகளையும் வீட்டிலேயே கழற்றி, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் வரை தாங்களே முடித்துவிட்டு, ஸ்பிரேக்கு மட்டும் இத்தகைய மலிவுக் கடைக்கு வண்டியை ஓட்டிப்போவது அமெரிக்கக் கார்ப் பித்தர்களிடையே பரவலான வழக்கமாயிற்று. மலிவு ஸ்பிரேயை அழகாக்கியது அவர்களுடைய சனி ஞாயிறு உழைப்பு.

மூன்றாவது ஆட்சேபம் பிக்கப் வைத்திருப்பவரே சொல்லக்கூடியது. உரமும் செங்கலும் ஏற்றும் வண்டிக்கு இவ்வளவு எதற்கு, துருவின் மேலேயே அடிக்கும் பெயிண்ட் இருக்கிறதே? இருக்கிறது, அதுவும் 1921-ஆம் ஆண்டுப் பிறப்புதான். கப்பல் தளத்தில் சிந்திய மீன் எண்ணெய் துரு பரவுவதைத் தடுத்ததைக் கவனித்த ராபர்ட் ஃபெர்கசன் என்ற ஸ்காட்லாந்துக் கேப்டன் தொடங்கியது ரஸ்ட்-ஓலியம். வேலை வண்டிக்கு அதைப் பிரஷ்ஷாலோ ரோலராலோ அடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பல வண்டிகளுக்கு அதுவே போதும். ஆனால் அந்த வகைப் பெயிண்டும் உதிரும் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தெடுக்கச் சொல்லும். கிரீஸைக் கழுவச் சொல்லும். கழுவுவது தேய்ப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்பதில் எந்தப் பெயிண்டும் விதிவிலக்கு இல்லை. முதலில் தாளைப் போட்டால், மெழுகும் சிலிக்கானும் கீறல்களுக்குள் அழுந்திவிடும். பிறகு அடிக்கும் பெயிண்ட் அந்த இடங்களில் ஒட்டாமல் விலகி மீன் கண் போன்ற குழிகளாக நிற்கும். டப்பா எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அந்தக் குழியை மூடாது. சோப்பு நீருக்கும் ஒரு பாட்டில் மெழுகு நீக்கிக்கும் ஆகும் செலவோ மிகச் சொற்பம்.

த்ரீ எம் 2007-இல் பாண்டோ கம்பெனியையும் வாங்கியது. அதோடு தாள், டேப், பட்டி மூன்றும் ஒரே கூரைக்குள் வந்தன. ஏர்ல் ஷைப் கம்பெனி 2010-இல் மூடப்பட்டது. இன்றைக்குத் தன் கையால் இந்த வேலையில் இறங்குகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்கா 1978-இல் ஈயப் பெயிண்டுக்கு விதித்த தடை வீட்டுப் பெயிண்டையும் பொம்மைகளையும் மரச்சாமான்களையும் பற்றியது. மோட்டார் வண்டிகள் அதில் சேரவில்லை. ஆகவே பழைய பிக்கப்பின் மேல்பூச்சுக்கு அடியில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயிண்டை நனைத்தே தேயுங்கள். பட்டியை உலர்வாகத் தேய்க்கும்போது நல்ல முகமூடி போடுங்கள். வழிந்த குழம்பைக் காயவிட்டுத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரமாக இருக்கும்போதே துணியால் வழித்தெடுத்துவிடுங்கள்.