கட்டம் போட்ட கம்பளியும் பழவேற்காட்டுக் கைலியும்

மேலைநாட்டார் மதராஸ் கட்டம் என்று பெயரிட்டழைக்கும் துணியை நாம் கைலியாகவும் சாரமாகவும் தலைமுறை தலைமுறையாக உடுத்தி வருகிறோம். இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆடை வரலாறு எழுதுவோர் பலரிடம் ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது. கும்பினியார் காலத்தில் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் ‘டார்ட்டன்’ என்னும் கட்டம் போட்ட கம்பளி உடை அணிந்திருந்தனர்; அதைக் கண்ட நம் நெசவாளர்கள் அதனைப் பருத்தியில் நெய்து பார்த்தனர்; அதுவே மதராஸ் கட்டமாயிற்று என்பது அந்த விடை. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதனாலேயே ஒரு கதை வரலாறு ஆகிவிடுவதில்லை. இதனை உரசிப் பார்க்க வேண்டுமானால் ஏடுகளுக்குப் போகுமுன் தறிக்குப் போக வேண்டும். டார்ட்டன் கம்பளியை யார் எப்படி நெய்தார்கள், அதன் கட்டங்களுக்குக் குலப்பெயர்கள் எப்போது வந்து ஒட்டின என்பவற்றை அறிந்தபின் நம் கைலிக்குத் திரும்புவோம்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டிலும் அதையடுத்த தீவுகளிலும் வாழ்ந்த கேலிக் மொழி மக்களுக்கு இத்துணி முதலில் ஒரு போர்வை. ஆங்கிலத்தில் கட்டத்துணியைக் குறிக்கும் ‘பிளாய்ட்’ என்னும் சொல்லே கேலிக் மொழியில் கம்பளிப் போர்வை என்று பொருள்படுவது. பகலில் அதனை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி இடையில் வாரால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் எறிந்துகொள்வர். இரவில் வாரை அவிழ்த்துவிட்டால் அதுவே படுக்கையும் போர்வையுமாகும். இன்று உலகறிந்த ‘கில்ட்’ என்னும் குட்டை உடை இந்தப் போர்வையின் கீழ்ப்பாதியிலிருந்து பின்னாளில் பிறந்தது. ‘டார்ட்டன்’ என்பதோ பிரெஞ்சு மொழியின் ‘திர்தேன்’ என்னும் துணிப்பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்பர். அச்சொல் முதலில் துணியின் வகையையே குறித்தது. கட்டத்தைக் குறிப்பதாக மாறியது பிறகுதான்.

இனித் தறிக்கு வருவோம். டார்ட்டன் நெசவு நம் கைலியின் நெசவு போன்றதன்று. கைலியில் ஊடை ஓர் இழையின் மேலும் அடுத்த இழையின் கீழுமாக மாறி மாறிச் செல்கிறது. டார்ட்டனில் ஊடை இரண்டு பாவிழைகளின் மேலும் இரண்டின் கீழுமாகச் செல்லும். அடுத்த ஊடை ஓர் இழை தள்ளித் தொடங்கும். அதனால் துணியின் முகத்தில் சாய்வான வரிகள் எழுகின்றன. இதற்கு நான்கு விழுதுகள் வேண்டும். கால்கள் மிதிகளை வரிசை பிசகாமல் மிதித்துவர வேண்டும். கம்பளிக்கு இந்த நெசவு பொருந்தக் காரணம் உண்டு. இழைகள் நெருங்கி அமைவதால் துணி கனமாகவும், அதே வேளையில் உடலோடு குழைந்து படிவதாகவும் இருக்கிறது. மழையும் காற்றும் ஓயாத மலைநாட்டுக்கு இது தேவையாயிற்று.

கட்டம் பிறப்பது பாவோடும்போதே. சிவப்பில் இத்தனை இழை, பச்சையில் இத்தனை, கறுப்பில் இத்தனை என்று எண்ணிப் பாவு ஓட்டுகிறார்கள். ஒரு திருப்பம் வந்ததும் அதே கணக்கு கண்ணாடியில் தெரிவதுபோல் பின்னோக்கி எண்ணப்படுகிறது. பாவில் எந்தக் கணக்கோ அதுவே ஊடையிலும். ஆகவே நெய்பவர் நிறத்துக்கொரு நாடாவைக் கையருகே வைத்துக்கொண்டு, எண்ணியெண்ணி மாற்றி எறிய வேண்டும். ஒரே நிறம் பாவிலும் ஊடையிலும் சந்திக்கும் இடத்தில் அந்நிறம் முழுமையாகத் தெரிகிறது. இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் கலப்பு நிறம் ஒன்று பிறக்கிறது. இரண்டு நிற நூலால் மூன்று சாயல்கள், மூன்றால் ஆறு, நான்கால் பத்து, ஆறால் இருபத்தொன்று. சாயத்தொட்டியில் நான்கே நிறம் வைத்திருந்த எளிய மனிதர் பத்து நிறப் போர்வை போர்த்திய விந்தை இதுதான்.

உண்மையான சோதனை இதற்குமேல் இருக்கிறது. நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டியிருந்தமையால் அக்காலத் தறியில் ஏறக்குறைய 25 முதல் 28 அங்குல அகலமே நெய்ய முடிந்தது. போர்வைக்கு அது போதாது. எனவே நீளமாக நெய்து, இரண்டாக வெட்டி, பக்கத்தோடு பக்கம் சேர்த்துத் தைத்தார்கள். அப்போது ஒரு துண்டின் குறுக்குக் கோடுகள் மறுதுண்டின் கோடுகளை நேருக்குநேர் சந்தித்தாக வேண்டும். ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் துண்டை நெய்யும்போது கை சற்றே தளர்ந்து, கட்டத்துக்கு அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால், ஐந்து கெஜ நீளத்தில் முப்பது கட்டங்களுக்குப் பிழை மூன்றே முக்கால் அங்குலமாகிவிடும். காலையில் அடித்த அடியும் களைத்துப்போன மாலையில் அடித்த அடியும் ஒன்றாயிருந்தால்தான் போர்வை பொருந்தும். பழைய போர்வைகளின் நடுத்தையலைப் பார்த்தே நெய்தவரின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்று நாம் கருதுகிறோம்.

ஸ்கை தீவினரான மார்ட்டின் மார்ட்டின் 1703இல் வெளியிட்ட மேற்குத் தீவுகள் பற்றிய நூலில், பெண்கள் ஒரு மரத்துண்டில் கோடுகளின் இழைக்கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு வேலை செய்ததைப் பதிவு செய்திருக்கிறார். கட்டங்கள் இடத்துக்கு இடம் வேறுபட்டன, போர்வையைப் பார்த்து ஒருவர் எந்தப் பகுதியினர் என்று ஊகிக்கலாம் என்றும் எழுதுகிறார். ‘எந்தப் பகுதி’ என்கிறாரே தவிர ‘எந்தக் குலம்’ என்று சொல்லவில்லை. இதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நெய்த துணியைப் புளித்த சிறுநீரில் நனைத்து, பெண்கள் பலகையைச் சுற்றியமர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே அடித்துத் துவைப்பார்கள். நமக்கு இது அருவருப்பாகத் தோன்றலாம். ஆயினும் நூலின் எண்ணெய்ப் பசையை எடுக்க அவர்களிடம் இருந்த காரம் அதுவே. பாறைப்பாசியும் மரப்பட்டையும் சாயம் தந்தன. பளிச்சென்ற சிவப்புக்கு அமெரிக்காவின் கொச்சினீல் பூச்சியையும் நீலத்துக்கு அவுரியையும் கடல் கடந்து வருவித்தார்கள். யாரும் எட்டாத மலைநாட்டு உடை என்று போற்றப்படுவதிலும் உலக வாணிகத்தின் சாயம் ஏறியிருந்தது.

தொன்மையைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். ஃபால்கிர்க் ஊரில் ரோமானிய நாணயப் புதையலோடு கிடைத்த இருநிறக் கட்டத்துண்டு கி.பி. 3ஆம் நூற்றாண்டினது. கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கின் சதுப்பில் கிடைத்த பலநிறத் துண்டு 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது என்று கரிமக் கணிப்பு காட்டியதாக 2023இல் அறிவித்தார்கள். ஸ்காட்லாந்துக்கு வெகு தொலைவில், இன்று உய்குர் முஸ்லிம்கள் வாழும் கிழக்குத் துருக்கிஸ்தானத்தின் ஹாமி பகுதியிலும் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகளில் சாய்வரி நெசவில் கட்டம் போட்ட கம்பளித் துணிகள் கிடைத்துள்ளன. சாயமிட்ட நூல் இருந்து, அது பாவிலும் ஊடையிலும் மாறி மாறி வந்தால் கட்டம் தானே பிறக்கும். அதற்கு ஒரு தாய்நாடு தேடுவது வீண்வேலை.

1746இல் கல்லோடன் போரில் மலைநாட்டார் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. அதே ஆண்டு இயற்றிய சட்டம், 1747 ஆகஸ்ட் முதல் ஸ்காட்லாந்தின் ஆடவரும் சிறுவரும் மலைநாட்டு உடை அணியக்கூடாது என்றது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் அணிந்தால் ஏழாண்டு நாடுகடத்தல். விலக்கு ஒன்று மட்டும் இருந்தது: மன்னரின் படையில் சேர்ந்தவர் அணியலாம். ஊரில் அணிந்தால் குற்றம், அரசுக்காகச் சாகப் போகையில் அணிந்தால் சீருடை! 1782இல் தடை நீங்கியபோது முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. வீட்டுத்தறியின் மரத்துண்டுக் கணக்குகள் பல இடங்களில் கைமாறாமல் போயின.

அந்த வெற்றிடத்தில் வணிகம் புகுந்தது. பானக்பர்ன் ஊரின் வில்சன் நிறுவனம் படைகளுக்கும் சந்தைக்கும் டார்ட்டனை மொத்தமாக நெய்து விற்றது. 1819இல் அவர்கள் தொகுத்த மாதிரிக் கணக்கேட்டில் 200க்கு மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. அவற்றுள் பல வெறும் எண்களாலேயே அறியப்பட்டவை. 1815இல் லண்டன் மலைநாட்டுச் சங்கம் குலத்தலைவர்களிடம் அவரவர் கட்டத்தை முத்திரையிட்டு அனுப்பக் கோரியபோது, தம் குலத்தின் கட்டம் எதுவென்று அறியாமல் திகைத்தவர்கள் இருந்தனர். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய அவ்விழாவுக்காக ஆளாளுக்கு ஒரு கட்டம் தேடி அலைந்தனர். மக்பெர்சன் குலக்கட்டம் பற்றி வரலாற்றாசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர் 1983இல் எடுத்துக்காட்டிய செய்தி மறக்க முடியாதது. அது முதலில் ‘எண் 155’. பிறகு கிட் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் தம் அடிமைகளுக்கு உடுத்த மொத்தமாக வாங்கியதால் ‘கிட்’. அதன்பின்னரே ‘மக்பெர்சன்’. அடிமையின் முதுகிலிருந்து தலைவரின் தோளுக்கு அதே துணி ஏறியது, மாறியது பெயர்ச்சீட்டுத்தான். டிரெவர்-ரோப்பர் மலைநாட்டு மரபு முழுவதையும் புனைவு என்றளவுக்குப் போனார். மார்ட்டினின் சான்று இருக்க, அதை அப்படியே ஏற்பதற்கில்லை. போர்வை பழையது, நெசவு பழையது; குலப்பட்டியல்தான் புதியது.

ஸ்காட்லாந்து முஸ்லிம்களுக்கென ஒரு டார்ட்டன் 2012இல் வடிவமைக்கப்பட்டதை இங்கே குறிப்பிடலாம். நாட்டுக் கொடியின் நீலம், பச்சை, ஐந்து கடமைகளுக்கு ஐந்து வெள்ளைக் கோடுகள், ஈமானின் ஆறு அம்சங்களுக்கு ஆறு பொன்னிறக் கோடுகள், கஅபாவுக்குக் கறுப்புச் சதுரம். இதனைச் செயற்கை என்று நகைத்தவரும் உண்டு. பிறந்த ஆண்டை மறைக்காத இந்தக் கட்டம், மறைத்துக்கொண்ட பல குலக்கட்டங்களைவிட நேர்மையானது என்பது நம் எண்ணம்.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். டச்சுக்காரர் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது 1610இல். கெல்டிரியா கோட்டை எழுந்தது 1613இல். சோழமண்டலக் கரையின் கோடும் கட்டமும் போட்ட துணிகளுக்கு மலாய்த் தீவுகளில் இருந்த கிராக்கியே அவர்களை இங்கு இழுத்தது. அவர்களுக்கு முன்பே நம் மரைக்காயர்களும் சூலியா வணிகர்களும் அதே கடல்வழியில் துணி ஏற்றிச் சென்றவர்கள். மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர்; பழவேற்காட்டின் பெயரே அது. மலைநாட்டுப் படைப்பிரிவான மக்லியாட் படை சென்னையில் கரையிறங்கியதோ 1780 ஜனவரியில். ஏறக்குறைய 170 ஆண்டு இடைவெளி! பேரனைப் பார்த்துப் பாட்டனார் நடை பயின்றார் என்பதுபோல் இருக்கிறது அந்தக் கதை. பின்னாளில் ஏற்றுமதி வணிகர் சிலர் டார்ட்டன் கட்டங்களை நம் தறிகளுக்கு மாதிரியாகக் கொடுத்திருக்கக்கூடும். அதை நாம் மறுக்கவில்லை. கொடுக்கப்பட்டது ஒரு புதிய வண்ணக்கணக்கு. கட்டம் நெய்யும் கலை அன்று.

கடன் எதிர்த்திசையில் சென்றதற்கோ தெளிவான சான்றுகள் உள்ளன. காஷ்மீரத்து முஸ்லிம் நெசவாளர்களின் சால்வையைப் பார்த்து நெய்த ஸ்காட்லாந்து ஊரான பெய்ஸ்லியின் பெயரையே அந்த மாங்காய்க் கோலத்துக்கு உலகம் சூட்டிவிட்டது. 1785இல் பியேர் ஜாக் பாப்பியோன் என்னும் பிரெஞ்சுச் சாயக்காரரைக் கிளாஸ்கோவுக்கு வரவழைத்து, டேவிட் டேல், ஜார்ஜ் மெக்கிண்டாஷ் ஆகியோர் டல்மார்னக்கில் ‘துருக்கிச் சிவப்பு’ சாயத்தொழிலை நிறுவினர். உதுமானியரின் எதிர்னே நகரத்துச் சாயக்காரர்கள் மஞ்சிட்டியும் எண்ணெயும் படிகாரமும் கொண்டு ஏற்றிய சிவப்பு அது. நம் கரையில் சாயவேரைக் கொண்டு நாம் ஏற்றிய சிவப்புக்கு உடன்பிறப்பு. வெளுக்காத அந்தச் சிவப்பு கிடைத்ததும் கிளாஸ்கோ வட்டாரத் தறிகள் பழவேற்காட்டுக் கட்டக் கைக்குட்டைகளைப் போலச்செய்து சந்தைக்கு அனுப்பின. அந்தக் கைக்குட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘புல்லிக்கேட்’. நெய்தவர்கள் ‘புல்லிக்கேட் நெசவாளர்கள்’ எனப்பட்டனர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நம் மீனவ ஊரின் பெயர், ஸ்காட்லாந்து மொழி அகராதியில் கட்டத்துணியின் பெயராக இன்றும் பதிவாகியிருக்கிறது.