படைப்புழுவின் வைரஸும் ஏழாம் நாள் மதிப்பெண்ணும்

கர்நாடகத்தின் சிவமொக்காவில் 2018 மே மாதம் முதன்முதலாகக் காணப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் பெரம்பலூர், அரியலூர் மானாவாரி மக்காச்சோளக் கொல்லைகளைச் சூறையாடிய அமெரிக்கப் படைப்புழுவை, அதற்கே உரிய நியூக்ளியர் பாலிஹெட்ரோசிஸ் வைரஸால் அடக்கலாகுமா என்னும் வினாவுக்கு, ‘புழு சாகும், பயிர் பிழைக்காது’ என்றொரு விடை நம் துறையில் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. புழு சாவதற்கு நான்கு முதல் ஏழு நாள் பிடிப்பதால் அதற்குள் குருத்து அழிந்துவிடுகிறது என்பது அதன் சாரம். பிரமாணமாகக் காட்டப்படுவது, டேவிஸ் முறைப்படி 0 முதல் 9 வரை இடப்படும் இலைச்சேத மதிப்பெண், வைரஸ் தெளித்த பாத்திக்கும் ஒன்றும் தெளிக்காத பாத்திக்கும் ஏழாம் நாளில் பெரிதாக வேறுபடவில்லை என்பதே. எண் சரியாகவே இருக்கலாம். அதற்குக் கற்பிக்கப்படும் பொருள் தவறென்பது என் அபிப்பிராயம்.

மக்காச்சோள இலை குருத்துக்குள் சுருண்டிருக்கும்போதே கடிபடுகிறது. ஒரே கடி பல சுற்றுகளை ஊடுருவுவதால், சில நாள் கழித்து அவ்விலை விரியும்போது குறுக்கே வரிசையாகத் துளைகள் தென்படுகின்றன. ஆகவே ஏழாம் நாள் ஆய்வாளர் காணும் துளைகளில் கணிசமானவை தெளிப்புக்கு முன்பே விழுந்தவை என்று கொள்வதே பொருந்தும்; விழுந்த துளை ஆறுவதுமில்லை. மேலும், ஆறு பருவங்களையுடைய இப்புழு தன் வாழ்நாள் உணவில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. இரண்டாம் பருவத்தில் தெளித்தோமாயின், தெளிக்காத பாத்தியின் புழு ஏழாம் நாளில் நான்காம் அல்லது ஐந்தாம் பருவத்தையே எட்டியிருக்கும். அதன் பெருந்தீனி இனிமேல்தான். முன் நேர்ந்த சேதத்தை இரு பாத்திகளின் மீதும் ஒருங்கே ஏற்றி, பின் நேரவிருக்கும் சேதத்தைக் கணக்கிலேயே கொள்ளாத ஓர் அளவையைக் கொண்டு வைரஸ் தோற்றதென்று நிர்ணயிப்பது எங்ஙனம் நியாயமாகும்?

எமாமெக்டின் என்னும் பூச்சிக்கொல்லி தெளித்த பாத்தியிலும் அதே பழைய துளைகள் உண்டே, அங்கே மதிப்பெண் குறைகிறதே எனலாம். குறையட்டும். இரண்டு நாளில் கொல்லும் விஷத்துக்கும் ஐந்து நாளில் கொல்லும் நோய்க்கும் உள்ள இடைவெளி சிறு புழுவின் சில நாள் தீனியேயாம். வளர்முனை சிதையாத வரையில் பயிர் அதைத் தாங்கிக்கொள்கிறது.

நோயுற்ற புழுவை அருகிருந்து காண்பது வேறொன்றையும் உணர்த்தும். மரத்தூள் போன்ற எச்சத்தை விலக்கிப் பார்த்தால், வெளிறி உப்பிய புழு மேலேறி வந்து தொங்குவதைக் காணலாம். தொட்டால் தோல் கிழிந்து கலங்கல் நீர் வழிய, பனியும் மழையும் அதைக் குருத்தின் அடிக்குக் கொண்டுசெல்கின்றன. தன்னினம் தின்னும் இப்புழு, நோயுற்றதைத் தின்று தானும் நோயேற்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு புழுவையும் தனியறையிலிட்டு வளர்க்கச் செய்து உற்பத்திச் செலவை ஏற்றிவிடும் அதே சுபாவம், வயலில் வைரஸைப் பரப்பும் தூதாகிறது. வெயில் வைரஸை அழிக்கும் என்னும் ஆட்சேபம் பழையது. மாலையில், வெல்லமும் நீலமும் சேர்த்து, குருத்துக்குள் படும்படி தெளிப்போருக்கு அது பெரிய தடையன்று.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலிருந்து எழுதுகிறவன் பட்டை மறக்கலாகாது. காஞ்சித் தறிகளுக்கு வரும் நூலின் மூலமான பட்டுப்புழுவைக் கிராசரி என்னும் பால் நோயால் மாய்ப்பதும் இக்குலத்து வைரஸ்தான். ஆயினும் அது வேறு, இது வேறு; படைப்புழுவின் வைரஸ் தன் நெருங்கிய உறவுகளுக்கு அப்பால் வேரூன்றுவது அரிது.

பிரேசிலின் எம்ப்ராப்பா நிறுவனம் பல்லாண்டு உழைத்து இவ்வைரஸை மக்காச்சோள வயலுக்குக் கொண்டுவந்துள்ளது. பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகமும் இந்நாட்டுப் புழுவிலிருந்தே அதைப் பிரித்தெடுத்துள்ளது. இனிப் பரிசோதனை நடத்துவோர், தெளிப்புக்குப் பின் உருவான இலைகளைத் தனியே மதிப்பிட்டு, பதினான்காம் நாளிலும் மதிப்பெண் இட்டு, அறுவடையில் கதிரின் எடையையும் உடன் வெளியிட வேண்டுகிறேன்.