கரை போட்டவர்கள்

வட அமெரிக்க ஓடைகளில் பீவர் என்னும் விலங்கு கிளையும் சேறும் கொண்டு அணை கட்டுகிறது. தேங்கிய நீரில் மீனும் தவளையும் பறவையும் குடியேறுகின்றன. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் மனிதர்கள். சரிவு குறைந்த இந்த நிலத்தில் வடகிழக்குப் பருவமழையை மண்கரையால் மறித்து, ஓர் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலியாக அமைத்தார்கள். அதைப் பேண நிர்வாகமும் இருந்தது: உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதத்தைச் சொல்கின்றன.

பாசனத்துக்காக மனிதன் கட்டிய ஏரி இயற்கை ஆகுமா என்று கேட்கலாம். பறவைகள் சரணாலயமான வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்றறிந்த ஊரார், 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டார வயல்கள் தொழிற்சாலைகளான பின் ஏரி எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. வேலைவாய்ப்பு தேவைதான். ஆனால் நிலத்தடி நீரை ஊட்டுவதும் வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதும் நெல் சாகுபடி நின்றதும் நின்றுவிடும் பயன்கள் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றில் பெருகியது செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் மட்டுமல்ல, மேலேயுள்ள பல சிற்றேரிகளின் நீரும்கூட. எனவே நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயை மூடிவிட்டு ஏரிக்கு மட்டும் வேலி போடுவது போதாது.